பெரிய வட்டங்கள்

பக்கவாதம் வந்தவர்களின் கைகாலைப் பழக்கிவிடுவது என் தொழில். போன வருடம் எனக்கு வாய்த்தவள் வானத்தை ஆராய்ந்து சம்பளம் வாங்குகிறவள். வலது கை விழுந்திருந்தது. நாக்கு விழவில்லை.

கேலக்ஸிகளுக்கு நடுவே கிடக்கும் வாயுவைப் படமாக்குவது அவள் வேலை. "அண்டம் முழுக்க சிலந்தி வலை மாதிரி வாயு நூல்நூலா ஓடுதும்மா. நூல் கூடுற இடத்துல கேலக்ஸிங்க கொத்தா இருக்கும். அந்த வாயுவைக் குடிச்சுத்தான் அதுங்க நட்சத்திரம் பெத்துக்குது."

"எனக்குத் தெரிஞ்ச வாயு வேற. கையைத் தூக்கு," என்றேன்.

வாயு மங்கல், கேலக்ஸி கண்ணைப் பறிக்கும். அதனால் கணினியில் ஒவ்வொரு கேலக்ஸியின் மேலும் கறுப்பு வட்டம் வைத்து மறைத்துவிட்டு, மிச்சத்தில் வாயுவைத் தேடுவார்கள். அலுவலகத்தில் அவளுக்குப் 'பொட்டுக்காரி' என்று பெயர்.

தங்கையும் அதே அலுவலகம்தான். கேலக்ஸிகளைக் கண்டுபிடிப்பவள். பத்திரிகையில் படம், மேடையில் மாலை. "நான் வாய் கோணிக் கிடக்கேன், பார்க்க வந்த தங்கச்சியோட நின்னு நர்ஸ் செல்ஃபி எடுக்குறா!" என்று பொருமினாள். விளக்கைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், எண்ணெயை யார் பார்ப்பது என்பாள். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்டுவிடுவேன்.

இவள் அனுப்பிய வாயுப் படம் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. பல இடங்களில் நூல் கேலக்ஸியைத் தொடாமல் வாசலோடு நிற்கிறது, அப்படி இருக்க வழியில்லை என்றார்கள். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். தங்கையைக் கேட்டுப் பார் என்றும் மேலதிகாரி சொல்லியிருந்தார். அதற்குச் செத்துப்போகலாம் என்றாள் இவள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை பழப்பையோடு வந்தாள். திரையில் படம் திறந்திருந்தது.

"அக்கா, இந்த வட்டமெல்லாம் ஏன் இவ்ளோ பெருசு?"

"பழத்தை வெச்சிட்டுக் கெளம்பு."

"கேலக்ஸி இத்தனூண்டு. நீ தாம்பாளத்தைக் கவுத்து வெச்சிருக்க. உள்ள போற வாயுவும் சேர்ந்து மறைஞ்சு போச்சு. அப்புறம் நூல் எப்படித் தொடும்?"

"அது ரொம்ப மினுக்கும். அதான்."

"பக்கத்துல இருக்கிறது அதைவிட மினுக்குது. அதுக்குச் சின்னதுதானே வெச்சிருக்க?"

"பெரிய வட்டமெல்லாம் யார் கண்டுபிடிச்ச கேலக்ஸி?" என்று கேட்டேன். தங்கை பெரிய வட்டங்களை விரலால் தொட்டு எண்ணினாள்; எல்லாம் அவளுடையவை.

எண்ணி முடித்துவிட்டுச் சொன்னாள்: "திருஷ்டிப் பொட்டு இவ்ளோ பெருசா வெச்சா பிள்ளை முகமே தெரியாதுக்கா."

"சமைக்கிறது நான், பரிமாறிப் பேர் வாங்குறது நீ. சின்ன வயசுலேருந்து இதே கதை."

"பரிமாறக் கூப்பிட்டா நீதான் வரமாட்டியே!"

தங்கை கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். அக்கா என் பக்கம் திரும்பி, "வேணும்னு செய்யலைம்மா," என்றாள்.

"எப்படிச் செஞ்சா என்ன, குறைக்கணும். வலது கையால குறை. பயிற்சியும் ஆச்சு."

மவுஸைப் பிடிக்கவே முதலில் விரல் வளையவில்லை. திட்டினாள், அழுதாள்; நான் மணிக்கட்டைத் தாங்கினேன். வட்டத்தின் விளிம்பைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சுருங்கச் சுருங்க, நின்றுபோன நூல்கள் ஒவ்வொன்றாகக் கேலக்ஸிக்குள் இறங்குவது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரே ஒரு பெரிய வட்டம் மிச்சமிருந்தது. தங்கைக்கு விருது வாங்கித் தந்த கேலக்ஸி.

"இது?"

"கை வலிக்குது."

"மூஞ்சியைப் பார்த்தா வயிறு எரியிற மாதிரில்ல இருக்கு!"

முறைத்தாள். காபி கேட்டாள். குடித்து முடித்துவிட்டு, அதையும் இழுத்தாள். படத்திலேயே தடித்த நூல் அதற்குள்தான் போய் இறங்கியது. மவுஸைத் தள்ளி வைத்தாள்.

"படத்துல ரெண்டு பேர் பேரும் போடலாம். ஆனா என் பேர்தான் முதல்ல வரணும்னு அவகிட்ட சொல்லிடுங்க."

"நீயே சொல்லு. நாக்குக்கு என்ன கேடு?"

போனை எடுத்தாள். "ஏய், என் வாயுவைக் குடிச்சுக் குடிச்சு உன் கேலக்ஸி எப்படிக் கொழுத்திருக்குன்னு வந்து பாருடி. வரும்போது அந்தப் பழம் வேணாம், புளிக்குது."