இத்துப்போன வேட்டியில் ஒரு பைப்பிங்

குரோம்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு என் தங்கை வந்து சேர்ந்தபோது அவள் வாயில் ஒரு பல் இல்லை. ஆறு மாத வயிறு. கையில் ஒரு கட்டைப்பை. அதில் மாற்றுப் புடவைகூடக் கிடையாது. பாதி தைத்த குழந்தைப் போர்வையும், அவள் புருஷனின் பழைய வேட்டியும்தான் இருந்தன. பல்லை உடைத்தவனுடைய வேட்டியை அழகாக மடித்து எடுத்து வந்திருக்கிறாளே என்று வந்த ஆத்திரத்தில் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பிறக்கப்போகிற பிள்ளைக்குப் புதுத்துணி வாங்கி வைக்கமாட்டோம். பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை செய்வோம். அதன் நாலு ஓரத்துக்கும் அப்பனுடைய பழைய வேட்டியில் பைப்பிங் வைக்க வேண்டும். துணியைப் பட்டையாக வெட்டி, ஓரத்தை இரண்டு பக்கமும் மூடுகிற மாதிரி மடித்துத் தைப்பதுதான் பைப்பிங். அப்பன் கை பிள்ளையைச் சுற்றி இருக்குமாம். அது எப்படிப்பட்ட கை என்று சம்பிரதாயம் கேட்பதில்லை.

"பைப்பிங் மட்டும் வச்சுக் குடுக்கா. முடிஞ்சதும் கிளம்பிடறேன்" என்றாள்.

"எங்க?"

"கடப்பேரி வீட்டுக்குத்தான். எனக்கு வேற எந்த வீடு இருக்கு?"

திருநீர்மலையில் இருக்கும் அம்மாவும் போனில் அதையே சொன்னாள். "அடிக்கிற கைதான்டி அணைக்கும்."

"பல்லை உடைக்கிற கை என்னம்மா பண்ணும்?" என்று கேட்டேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

நான் வீட்டில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள். வேட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துணிக்கு ஊடாக எதிர்வீட்டு மொட்டைமாடி தெரிந்தது. "இத்துப்போன துணிடி இது. பைப்பிங் நிக்காது. ஓரத்தைத்தானே எல்லாரும் பிடிச்சு இழுப்பாங்க" என்றேன். "பரவால்லக்கா, அவரோட வேட்டியிலதான் வைக்கணும்" என்றாள். வீங்கிய உதட்டோடு அவள் 'அவர்' என்றதைக் கேட்டு என் ரத்தம் கொதித்தது. ஆளையே வெட்டுகிற வெறியோடு அந்த வேட்டியைப் பட்டை பட்டையாக வெட்டினேன். மிஷினை மிதித்த மிதியில் ஊசி ஒடிந்து கன்னத்தில் தெறித்தது. வேறு ஊசி மாட்டிக்கொண்டு மூன்று ஓரத்தை முடித்தேன். நாலாவதையும் தைத்துவிட்டால் அவள் போய்விடுவாள். சோறு வைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துகொண்டேன்.

அப்போதுதான் அவள் புருஷன் மாடிப்படி ஏறி வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் எல்லாரும் பழியைக் குடியின் தலையில் போட்டிருப்பார்கள். எங்கள் கிரில் கேட் திறந்தே கிடந்தது.

"இன்னாடி, அக்கா வூட்ல வந்து குந்திகினு கீற? கெளம்பு."

"போர்வை முடியட்டும்ங்க. நானே வந்துடறேன்."

அவன் பார்வை போர்வையின் ஓரத்தில் நின்றது. "என் வேட்டியக் கிழிச்சியா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அவன் அறைந்தது எனக்குக் கேட்கவில்லை. தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தலை சுவரில் மோதியதைப் பார்த்தேன். அவள் போர்வையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவன் அவளுடைய முடியைக் கொத்தாகப் பிடித்தான். துணி அளக்கிற கோலை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். முடியை விட்டுவிட்டு என் கழுத்தைப் பிடித்து மிஷின்மேல் தள்ளினான். என் பல்லே என் நாக்கில் இறங்கியது. அவனைக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் திரும்பவும் அடித்தேன். கோல் இரண்டாக ஒடிந்தது.

அவன் போர்வையின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். "விட்டுடுடி!" என்று நான் தங்கையைப் பார்த்துக் கத்தினேன். அவள் விடவில்லை. போர்வையும் அவளுமாக வாசல்வரை இழுத்துக்கொண்டு போனான். கிரில்லுக்கு வெளியே நின்று, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தான்.

பைப்பிங் சர்ரென்று கிழிந்தது. பட்டை அவன் கையோடு போக, அவன் பின்பக்கமாகப் படியில் உருண்டான். என் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை, துணிதான் இற்றுப்போனது. தொழில்காரி என்ற முறையில் இதைச் சொல்லியாக வேண்டும்.

நான் வாசலுக்கு ஓடுவதற்குள் தங்கையே கிரில்லை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். கீழ்வீட்டு அக்கா துடைப்பத்தோடு வெளியே வந்து சத்தம் போட்டுத் தெருவையே கூட்டினார். அவன் நொண்டிக்கொண்டே போனான். வேட்டிப் பட்டை அவன் விரல்களில் சுற்றிக் கிடந்தது.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். நடந்ததைக் கேட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இருந்தாலும் அந்த வேட்டியில ஒரு துண்டாவது வச்சுத் தைங்கடி. இல்லாட்டி பிள்ளைக்கு ஆகாது" என்றாள்.

தங்கை என்னிடமிருந்து போனை வாங்கினாள். "அப்பன் துணி அப்பன் கையிலயே போயிடுச்சும்மா. பிள்ளை இங்கதான் பொறக்கும்."

பிறகு உட்கார்ந்து, மிச்சமிருந்த இரண்டு ஓரத்தின் பைப்பிங்கையும் அவளே பிளேடால் பிரித்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்ததில் மிஞ்சிய காக்கித் துணி என்னிடம் கொஞ்சம் இருந்தது. குழந்தைப் போர்வைக்குக் காக்கியா என்று எனக்கே தயக்கம். அவள் அதை வாங்கி ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையைக் கையில் சுற்றி இழுத்துப் பார்த்தாள்.

"நீயும் பிடிச்சு இழுக்கா. நல்லா இழு."

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கை சிவக்கச் சிவக்க இழுத்தோம். துணி கிழியவில்லை. பல் போன இடம் தெரிய என்னைப் பார்த்து, "இதையே வச்சுத் தை" என்றாள்.