அடிக்குரல்காரர்

எனக்கு வயது எண்பத்திரண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள்.

எழுபதுகளில், ஊரைவிட்டு வெகுதூரம் வடக்கே, கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுக்காரர், நெட்டையான மனிதர். கித்தாரோடு இயேசு பாட்டுப் பாடிய நால்வரில் கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் கனத்த அடிக்குரல் அவருடையது. ரேடியோவில்கூடப் பாடினார்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாசலிலும் வந்து பாடுவார்கள். பிறகு இருவர் மாற்றலாகிப் போனார்கள், ஒருவர் வெளிநாடு போனார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு இவர் மட்டும் வந்து, பழையபடி ஓரமாகவே நின்றார். தன் பங்கை மட்டும் பாடினார். மற்றவர்கள் பாடும் இடங்களில் வாயை மூடிக் காத்திருந்தார்.

“முழுசையும் நீங்களே பாடலாமே தம்பி?”

“அது அவங்க பாகம்லாக்கா. நான் பாடிட்டா, குழு முடிஞ்சிட்டுன்னுல்லா ஆயிரும்.”

காத்திருந்தபோது அவர் காதில் என்ன கேட்டதோ, இன்றும் எனக்கு விளங்கவில்லை.

பேத்தி அம்மாடி, பாட்டி தானே எழுத்துக்கூட்டி எழுதிய இதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. அவர் காத்திருந்த இடத்தில் நீயும் கொஞ்சம் நிறுத்து.