புல் வெட்டும் மிஷினும் என் வயிற்றெரிச்சலும்

என் ஓரகத்தி மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் என்னைவிட நிறம். நகையும் கூடப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், சிங்கப்பூரில் சம்பாதிக்கிறார். இதற்கெல்லாம் நான் ஒரு நாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது மாட்டுக் கொட்டகையில் நிற்கிற புல் வெட்டும் மிஷினால்தான். கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கண்டனூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆன வருஷம் அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வீடு, நிலம், போர்வெல் தண்ணீர் முறை எல்லாம் இரண்டாயின. கொட்டகையும் அதில் இருந்த மிஷினும் மட்டும் பொதுவில் நின்றன. காலையில் சின்னவள் வெட்டட்டும், சாயங்காலம் பெரியவள் வெட்டட்டும் என்று மாமியார் பேசி முடித்தார். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் இரண்டு வேளையும் அந்த மிஷின் முன்னால் நின்றவள் நான் ஒருத்திதான். அதன் சத்தத்தை வைத்தே கத்தி மழுங்கிவிட்டதா, பெல்ட் தளர்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு அந்த மிஷினுக்குப் பொட்டு வைப்பது மூத்த மருமகளின் உரிமை. வருஷம் முழுக்க யார் வெட்டினாலும் சரி, அன்றைக்குச் சக்கரத்தில் முதல் பொட்டு வைக்கிறவள் எவளோ அவளுடையதுதான் கொட்டகை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொட்டைத்தான் நான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்த புதிதில் மாட்டைக் கண்டாலே நாலடி தள்ளி நிற்பாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள் என்று சொன்னார்கள். படித்துவிட்டுச் சாணி அள்ள வந்திருக்கிறாளே, பாவம் என்று பரிதாபம்கூடப் பட்டேன். மூன்று மாதம் போயிருக்கும். ஒரு நாள் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று மிஷினையே பார்த்தாள்.

"ஏக்கா, இது ஏன் இப்பிடி ஆடுது?"

"அது ஆடுறது எங்களுக்குப் பழக்கம். உனக்குத்தான் புதுசு" என்றேன்.

அவள் குனிந்து மிஷினின் அடியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் பட்டறை ஆள் ஒருவர் வந்து, கண்டனூரில் இடித்த ஒரு பெரிய வீட்டிலிருந்து வாங்கி வந்த தேக்கு உத்திரத்தை அடியில் போட்டு, மிஷினை அதில் போல்ட் வைத்து முறுக்கினார். ஆட்டம் நின்றது. ஒன்பது வருஷம் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து நானும் ஆடியிருக்கிறேன். ஒரு மரத்துண்டு போட்டால் நின்றுவிடும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே சுருக்கென்றது.

பிறகு அவள் கை நிற்கவில்லை. புல்லை வைத்துத் தள்ளுகிற தட்டை ஒரு முழம் நீளமாக்கினாள். அதற்கு மேலே தகட்டில் ஒரு மூடி போட்டாள். புல் உள்ளே போகும், கை போகாது. பல்சக்கரத்தை மாற்றிப் போட்டு, வேண்டுமானால் பெரிதாக, வேண்டுமானால் பொடியாக வெட்டுகிற மாதிரி செய்தாள். பொடியாக வெட்டிப் போட்டதும் மாடுகள் தண்டை ஒதுக்காமல் தொட்டியை நக்கி வைத்தன. இரண்டு வீட்டு மாட்டுக்கும் பால் கூடியது. ஊரிலேயே பால் கூடியதற்கு வருத்தப்பட்ட ஒரே பொம்பளை நான்தான்.

பால் சொசைட்டிக்காரர் என் பாலை ஊற்றிக்கொண்டே, "சின்னவுக கெட்டிக்காரவுக ஆத்தா. மிஷினை எம்புட்டு நல்லாப் பண்ணி வச்சிருக்காக!" என்றார். என் மாட்டுப் பால், என் கையால் கறந்தது, பேர் அவளுக்கு. கேனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பால் சிந்தியது.

கடைசியாக அவள் வைத்ததுதான் லீவர். புல் சிக்கிக்கொண்டால் முன்பெல்லாம் சுவிட்சை அணைத்து, சக்கரம் நிற்கிற வரைக்கும் காத்திருந்து, கையால் பிடுங்க வேண்டும். இந்த லீவரைப் பின்னால் தள்ளினால் புல்லை இழுக்கிற பல் உருளைகள் எதிர்ப்பக்கம் சுற்றி, சிக்கியதை அப்படியே வெளியே துப்பிவிடும். எங்கோ உடைத்துப் போட்ட பழைய மிஷினிலிருந்து பல்சக்கரம் தேடிப் பிடித்து, தரையில் சாக்பீஸால் படம் போட்டுப் பட்டறைக்காரருக்கு விளக்கிச் செய்ய வைத்தாள். ஊரே வந்து பார்த்தது. நான் மாட்டைக் குளிப்பாட்டப் போய்விட்டேன். அந்த லீவரை நான் தொடுவதில்லை என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். மூடியையும் விடவில்லை. என் முறை வந்ததும், கட்டுக்கட்டாகத் தள்ள அது இடைஞ்சல் என்று ஒரு சாக்குச் சொல்லி, நட்டைத் திருகி மூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிடுவேன். மறுநாள் காலையில் அவள் திரும்ப மாட்டுவாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சும்மா இருந்தேனா? நானும் ஏதாவது செய்து காட்ட வேண்டுமென்று டவுன் பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போனேன். ஒரு பட்டறையில், "மோட்டாருக்குப் பெரிய புல்லியாக் குடுங்க, மிஷின் பறக்கணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பறந்துருச்சுன்னா என்னம்மா பண்ணுவீக?" என்று கேட்டார். நான் பெல்ட் ஓடுகிற அந்தச் சக்கரத்துக்குக் காசை எண்ணிக் கொடுத்தேன். வாங்கி வந்து மாட்டிவிட்டேன்.

மிஷின் நிஜமாகவே புல்லைப் பறக்கவிட்டது. வெட்டின புல் கூடையில் விழாமல் சுவருக்கு அங்குட்டுப் போய், பக்கத்து வீட்டில் காயப் போட்டிருந்த வத்தல் மேலெல்லாம் விழுந்தது. "ஏத்தா, ஒங்க கொட்டகையில இருந்து என்ன, புல்லு மழை பெய்யிது?" என்று அந்த வீட்டுக்காரி கத்தினாள். என் ஓரகத்தி ஓடி வந்து சுவிட்சை அணைத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"யோசனை நல்லாத்தாங்க்கா இருக்கு. வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு, வாய்க்கு நேரா ஒரு தகடு வளைச்சு விட்டா நேராக் கூடையிலயே விழுகும்" என்றாள். அப்படியே செய்தாள், விழுந்தது. முன்பைவிடப் பாதி நேரத்தில் வேலை முடிந்தது. நான் கெடுத்ததும் அவள் கணக்கில் நல்லதாகிப் போனது.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமியார் என் வீட்டுக்காரர் முன்னால் வைத்துச் சொன்னார்: "இந்த வருசம் மிஷினுக்குச் சின்னவ பொட்டு வைக்கட்டும். அத உருப்படியாக்குனவ அவதானே."

என் வீட்டுக்காரர் செய்தித்தாளைப் பார்த்தபடி, "ஆமா, அதுதான் நியாயம்" என்றார். எனக்கு மாமியார் மேல் வந்த கோபத்தைவிட அந்தச் செய்தித்தாள் மேல் வந்த கோபம் பெரிது. முகத்தைக்கூட நிமிர்த்தாமல் என் ஒன்பது வருஷத்தைக் கொடுத்துவிட்டார்.

பூஜையன்று கத்தி ஓடக்கூடாது. அதனால் முந்தின நாளே இரண்டு நாளுக்கான புல்லை வெட்டி வைத்துவிடுவோம். அன்றைக்குச் சாயங்காலம், புல் அதிகமாக இருக்கிறதே என்று, நான் கூப்பிடாமலே அவள் வந்து வெட்டினதை அள்ளத் தொடங்கினாள். நான் வழக்கம் போல மூடியைக் கழற்றி வைத்திருந்தேன். மனதெல்லாம் மறுநாள் பொட்டில் இருந்தது. பச்சைப் புல்லோடு காய்ந்த சோளத்தட்டையையும் சேர்த்துத் திணித்தேன். சிக்கிக்கொண்டது.

"அக்கா, லீவரைப் பின்னால தள்ளுங்க."

"எனக்குத் தெரியும். நீ அங்குட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கையை விட்டுத் தள்ளினேன்.

சிக்கல் திடீரென்று விட்டது. புல் கத்தையோடு என் கையும் மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. விரல் நுனிகளைப் பல் உருளை கவ்வியது தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் கத்தி சுற்றுகிற காற்று விரலில் பட்டது. அவள் கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து லீவரைத் தள்ளினாள். நான் கழற்றி வைத்த மூடி, நான் கூட்டி வைத்த வேகம், நான் தொடமாட்டேன் என்ற லீவர். அந்த லீவர்தான் என் கையைத் திருப்பித் தந்தது.

அவள் சுவிட்சை அணைத்தாள். என்னைத் தரையில் உட்கார வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். "அஞ்சும் இருக்குக்கா" என்றாள். இரண்டு நகம் கருத்துப் போயிருந்தது, கண்ணாடி வளையல்கள் நொறுங்கியிருந்தன. வளையல் துண்டு மாட்டு வயிற்றுக்குள் போய்விடக்கூடாது என்று அதுவரைக்கும் வெட்டின புல் முழுவதையும் அள்ளி வெளியே கொட்டினாள். பிறகு மூடியை எடுத்து மாட்டி, நட்டை முறுக்கி, மிச்சப் புல்லை அவளே வெட்டி முடித்தாள். ஏன் கழற்றினீக என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காலையில் விரலைப் பார்த்து மாமியார் என்னவென்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "கதவு இடுக்குல வச்சுக்கிட்டாக அயித்த" என்று அவளே சொல்லிவிட்டாள்.

மிஷினைக் கழுவித் துடைத்து மாலை போட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் வாழைக்கன்றைக் கட்டி முடித்துவிட்டு நின்றார். மாமியார் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் இருந்த தட்டை அவள் பக்கம் நீட்டினார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றாள்.

"நான் தொடக்கூடாது அயித்த. இப்பத்தான்… தலைக்கு ஊத்தணும். அக்காவே வைக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே போய்ச் சுவர் ஓரமாக வெயிலில் நின்றுகொண்டாள். மாமியார் தட்டை என்னிடம் கொடுத்தார். என் வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். வீட்டு விலக்கு என்று சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்?

மாமியார் நாள் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். பத்து நாளைக்கு முன்னால்தான் அவள் விலக்காகி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதிலாகக் கோயிலுக்குப் பொங்கல் பானையை நான்தான் தூக்கிப் போனேன். அது பொய். நல்ல நாளில் சாமி பேரில் சொன்ன பொய். சொன்னதற்காக மூன்று நாள் விளக்கேற்றாமல், பூஜைப் பொரிகூடத் தொடாமல், தனியாக உட்கார வேண்டும். தன் கையால் ஆக்கி வைத்த மிஷினைத் தானே தொடக்கூடாது. எல்லாம் தெரிந்துதான் சொன்னாள்.

நான் சந்தனத்தைத் தொட்டு முதல் பொட்டை லீவருக்கு வைத்தேன்.

"சக்கரத்துக்கு வைக்காம எங்கிட்டு வைக்கிறவ நீ?" என்று மாமியார் அதட்டினார். பிறகு சக்கரத்துக்கும் வைத்தேன், கத்திக்கும் மோட்டாருக்கும் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் சுவரோரம் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மிஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூஜை முடிந்து மிஷின் ஓடத் தொடங்கியதும், அவள் தனியாக இருந்த நாள் முடிகிற வரைக்கும் அவள் மாடுகளுக்கும் நானே புல் வெட்டிப் போட்டேன். மூடியைக் கழற்றவில்லை. சிக்கினபோதெல்லாம் லீவரைத் தள்ளினேன். இரண்டு வேளையும் கொட்டகை பழையபடி என் கையில் இருந்தது. நான் ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்தது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மிஷினைப் பற்றி இப்போது எனக்கு ஒன்றுமில்லை. அது அவள் மூளை, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அப்படி ஒரு பொய்யை என்னால் அவளுக்காகச் சொல்லியிருக்க முடியாது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.