சிவப்பைத் தொடாத கோடு

அண்ணை பாரிசில் ஓர் உணவகத்தில் இருபது வருடமாகக் கோப்பை கழுவுகிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. சேர்த்த பணம் முழுவதும் பிட்கொயினில் இருந்தது. அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு ஊரோடு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. எப்போது விற்பது என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது. நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். "நீ படிச்சனி, பிள்ளை. நீ சொன்னால் விக்கிறன்" என்பார்.

நான் நம்பியது ஒரு கோட்டை. பிட்கொயினின் ஒவ்வொரு கைமாற்றமும் யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் விழுகிறது. ஒவ்வொரு நாணயமும் கடைசியாக என்ன விலையில் கைமாறியது என்று எடுத்து, அந்தச் சராசரியை இன்றைய விலையோடு ஒப்பிட்டு இந்தக் கோட்டைக் கீறுகிறார்கள். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று தெரிந்தால், இன்றைய விலை அதிகமா குறைவா என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதுதான். கோடு மேலே சிவப்புப் பட்டைக்குள் போனால் விற்க வேண்டும். கீழே பச்சைக்குள் வந்தால் வாங்க வேண்டும். முன்னைய ஏற்றங்களில் சிவப்புக்குள் போன பிறகுதான் விலை சரிந்திருக்கிறது. கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விலை ஏறியது. ஒருநாள் பின்னேரம் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"இவ்வளவு விலை காணும் போலை கிடக்கு. விக்கட்டோ?"

விற்கச் சொன்ன பிறகும் ஏறினால் என்ன செய்வது?

"இன்னும் சிவப்பைத் தொடேல்லை அண்ணை. பொறுங்கோ."

வகுப்பில் பேசுகிற குரலிலேயே சொன்னேன். "சரி, அப்ப பொறுப்பம்" என்றார்.

கோடு சிவப்பைத் தொடவே இல்லை. ஒவ்வொரு ஏற்றத்திலும் அதன் உச்சி முன்னையதைவிடத் தாழ்ந்துகொண்டே வந்திருந்தது. என் மாணவன் ஒருவன் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பேன். விலை சரியத் தொடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. கரும்பலகையில் எழுதும்போது மேசையில் தொலைபேசி அதிர்ந்தால் பாதிச் சமன்பாட்டோடு நின்றுவிடுவேன். அண்ணையின் அழைப்பை இரண்டு முறை எடுக்காமல் விட்டேன். இந்த வயதில், அந்தக் காலோடு, அவரை இன்னும் எத்தனை வருடம் நிற்க வைக்கப்போகிறேனோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் முறை எடுத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"முதலாளியிட்டை இன்னும் ரெண்டு வருசம் நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார், கடைக்குப் பாண் வாங்கப் போவதைச் சொல்வது போல. பிறகு கேட்டார்: "நீ அனுப்பின பக்கத்திலை பாத்தனான். கோடு இப்ப பச்சைக்குள்ளை வந்திட்டுதெல்லே? என்னோடை வேலை செய்யிறவர் காசு கடன் தாறன் எண்டுறார். வாங்கட்டோ?"

கோடு பச்சைக்குள்தான் இருந்தது. அதை நம்புகிறவள் என்றால் நான் ஓம் சொல்ல வேண்டும்.

"எனக்குத் தெரியேல்லை அண்ணை. எனக்குப் பயமாக் கிடக்கு. அண்டைக்குப் பொறுங்கோ எண்டு சொல்லேக்கையும் பயம்தான். உங்களுக்குச் சொல்லேல்லை."

"வாங்கின நாளிலையிருந்து எனக்கும் பயம்தான், பிள்ளை" என்றார். "நீ பயப்பிடேல்லை எண்டுதான் விக்காமல் இருந்தனான்."