பின்கதவைப் பார்த்த கார்ப்பரல்

லாக்கப்பில் என் மகனை இன்ஸ்பெக்டர் ஒருவர் அடித்ததைப் புகார் செய்ய, கிள்ளானில் அதே காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. மகன் இன்னும் உள்ளே இருந்தான்.

கவுண்டரில் ஒல்லியான தமிழ்க் கார்ப்பரல். இரண்டு விரல்களால் தட்டச்சு செய்தார். வரிக்கு ஒருமுறை, இன்ஸ்பெக்டர் அறைக்குப் போகும் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். பதினொரு முறை எண்ணினேன்.

"சாட்சி யாரு அங்கிள்?"

"யாருமில்ல சார். விட்டுடலாமா?"

"வந்தாச்சு லா, உட்காருங்க."

நீட்டிய தாளின் கடைசி வரியில், நேரில் பார்த்தவர் என்று, அவர் சட்டையில் குத்தியிருந்த பணி எண்ணே இருந்தது.

"சார், நீங்களா?"

"அன்னிக்கு நான்தான் டியூட்டி. சீக்கிரம் சைன் பண்ணுங்க. ரிப்போர்ட் காப்பி வாங்காம போயிடாதீங்க."

மகன் வீடு திரும்பிவிட்டான். அதன்பிறகு ஆறு முறை அந்த நிலையத்தைக் கடந்திருக்கிறேன். வாசலிலிருந்து பார்த்தால் கவுண்டரில் வேறு ஆள். கார்ப்பரல் எங்கே என்று உள்ளே போய்க் கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.