ஞானஸ்நானத் தொட்டியில் சிமெண்ட்

இன்று காலை எங்கள் ஊர் மாதா கோயிலுக்குள் நுழைந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவும் நானும் என் மகளும் ஞானஸ்நானம் பெற்ற கல் தொட்டியில் கொத்தனார் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்.

அதில் குழைக்கச் சொன்னது கோயில் கமிட்டித் தலைவராம்.

போன மாதம் மகனைப் பார்க்க இங்கிலாந்து போனவர் அவர். அங்கே ஒரு கிராமத்தின் எண்ணூறு வருடக் கோயிலையும், அதிலிருந்த ஓரம் தேய்ந்த கல் தொட்டியையும் படமெடுத்து, "பழமையை எப்படிக் காப்பாத்துறாங்க பாருங்க" என்று முகநூலில் போட்டவர்.

அவர் வந்ததும் அந்தப் படத்தையே போனில் எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அது ஹிஸ்டரிம்மா. இது ஒடைஞ்சு கெடக்கு. புதுசு கிரானைட்ல வருது."

"அங்க தேஞ்சா ஹிஸ்டரி, இங்க ஒடைஞ்சா குப்பையா?"

"பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை? அங்கிட்டுப் போங்க."

போகவில்லை. சிமெண்டை அள்ளி வெளியே கொட்டினேன். அவர் கத்தக் கத்த, இறுகுவதற்குள் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன்.

இப்போது அவர் ஃபாதரைக் கூட்டிவரப் போயிருக்கிறார். நான் தொட்டியை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் இருப்பவர்கள் உடனே கிளம்பி வாங்க. ஞாயிறு பூசைக்கே வராதவர்களும் வரலாம், இன்றைக்கு நான் எதுவும் கேட்க மாட்டேன்.