வாவிப் பக்கத்துக் கம்பம்

ஐந்து வருடங்களுக்கு முன், கச்சான் காற்று அடிக்கும் காலத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இது நடந்தது. பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் தலைகுனிவு. செய்தவர்களுக்கு ஒன்றும் வராது.

சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை நானும் அங்கேதான் படித்தேன். என் உயரம் ஆறடி நான்கு அங்குலம். கூடைப்பந்தில் சென்டர், அதாவது வளையத்துக்குக் கீழே நின்று முட்டி மோதுகிறவன். உயர்தரத்துக்கு வாவிக்கு அந்தப் பக்கம், நகரத்துப் பள்ளி ஒன்று என்னை அழைத்தது. விடுதி, சாப்பாடு, சப்பாத்து எல்லாம் தருகிறோம் என்றார்கள். போனேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. பழைய பள்ளியில் விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர்களே கிடையாது. ஆனால் என்னோடு விளையாடியவர்கள் அதைத் துரோகமாகத்தான் பார்த்தார்கள். பஸ்ஸில் என்னைக் கண்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

என் இடத்தில் சென்டராக நின்றவன், வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்தவன். என்னைவிட அரை அடி குட்டை. வேறு ஆள் இல்லாததால் அவனை நிறுத்தினார்கள். நான் மாறிப் போன பிறகு அவனும் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருடம் என் புதிய அணி அந்தப் பள்ளிக்கு ஆடப் போனது. சீமெந்து பூசிய புதுத் தளத்தைத் திறந்துவைக்க ஒரு பிரதம விருந்தினர் வந்திருந்தார். தோரணம், மாலை, பாண்ட் வாத்தியம். பழைய கூடைக் கம்பங்கள் இரண்டுக்கும் பளபளவென்று நீலப் பெயின்ட். நான் இறங்கியதுமே சுற்றி நின்ற கூட்டம் தொடங்கிவிட்டது.

"இந்தா வந்திற்றான் கட்சி மாறி."

"டேய் தென்னை, அக்கரையில போயாவது காய்ச்சாயா?"

ஆட்டம் தொடங்கும்போது மத்தியஸ்தர் பந்தை மேலே எறிவார். அதற்காக இரண்டு சென்டர்களும் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் அவன் மெல்லச் சொன்னான்.

"மச்சான், வாவிப் பக்கத்துக் கம்பத்தில தொங்கிப்போடாத. அடி துருப்பிடிச்சு உக்கிக் கிடக்கு. மேலால பெயின்ட் மட்டுந்தான்."

"பயமெண்டா ஓரமாப் போய் நில்லு" என்றேன்.

"மறுகா சொல்லல்ல எண்டு சொல்லாத."

பந்தை வளையத்துக்குள் குத்திவிட்டு அப்படியே வளையத்தில் தொங்குவது என் வழக்கம். எங்கள் பக்கத்தில் வேறு யாருக்கும் அது முடியாது. அதைத் தடுக்கப் பார்க்கிறான், என் மனதைக் குழப்பப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். உண்மையாக இருக்குமோ என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இரண்டாம் பாதியில் வாவிப் பக்கத்து வளையம் எங்களுக்கு வந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது நாங்கள் பதினைந்து புள்ளிகள் முன்னால் நின்றோம். வென்றாகிவிட்டது. கூட்டம் மட்டும் வாயை மூடவில்லை. பந்து என் கைக்கு வந்தது. எழும்பினேன், குத்தினேன். இரண்டு புள்ளிகள் அத்தோடு சேர்ந்துவிட்டன. தொங்க வேண்டிய தேவையே இல்லை. தொங்கினேன். கூட்டத்தைப் பார்த்துக் காலையும் ஆட்டினேன்.

முதலில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பிடி விடாமல்தான் தொங்குகிறேன், ஆனால் தரை என் காலுக்குக் கிட்ட வருகிறது. நான் இறங்கவில்லை, வளையம் இறங்குகிறது என்பது விளங்கியபோது முதுகு தரையில் அடித்தது. மேலே பார்த்தேன். வானம் தெரியவில்லை, வளையத்தைப் பொருத்தியிருந்த பலகைதான் தெரிந்தது. யாரோ என் பனியனைக் கழுத்தோடு பிடித்து இழுத்தார்கள். என் தலை இருந்த இடத்தில் பலகை விழுந்து வெடித்தது. பிறகுதான் அலறல் கேட்டது. அது என்னுடையது இல்லை.

இழுத்தவன் அவன்தான். கம்பம் அவனுடைய வலது காலின் மேல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. பத்துப் பேர் சேர்ந்து கம்பத்தைத் தூக்கினோம். என் கையெல்லாம் நீலம். பெயின்ட் சரியாகக் காயக்கூட இல்லை. முறிந்த அடியைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்தது. உள்ளே இரும்பே இல்லை. உப்புக் காற்று எப்போதோ தின்று முடித்திருந்தது. அந்தப் பள்ளிப் பெடியன்கள் நிர்வாகத்திடம் இரண்டு தரம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கிடைத்த பதில்தான் அந்த நீலப் பெயின்ட்.

அம்புலன்ஸ் வருமுன் பிரதம விருந்தினரின் வாகனம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, விழா மேடையில் இருந்த ஒரு பெரிய மனிதர், "பாரமான பெடியன் தொங்கினா எந்தக் கம்பந்தான் நிக்கும்?" என்றார். அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டேன். மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். அதற்காக இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அடுத்த நாள் அவனைப் பார்க்கப் போனேன். காலில் இரண்டு இடத்தில் முறிவு. "நீ ஏன்டா அங்க வந்து நிண்டாய்?" என்று கேட்டேன்.

"நீ கேக்க மாட்டாய் எண்டு தெரியும். அதான் கீழ நிண்டனான்" என்றான். பிறகு, "பழகின கழுதைட குணம் எனக்குத் தெரியாதா?" என்று சிரிக்கப் பார்த்தான். வலியில் முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் தொடர்ந்து ஆடினேன். மாவட்ட அணி, பிறகு பல்கலைக்கழக அணி, எல்லாவற்றிலும் சென்டர். அவன் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. இப்போது வயல் வட்டையில் உழவு மெஷின் ஓட்டுகிறான். வரம்பில் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வான்.

பெயின்ட் அடிக்கச் சொன்னவர்கள் குற்றவாளிகள். அதை யார் முகத்துக்கு நேரேயும் சொல்வேன். ஆனால் அன்று மைதானத்தில் எச்சரிக்கப்பட்ட ஒரே ஆள் நான். எந்த மைதானத்துக்குப் போனாலும் முதலில் கம்பத்தின் அடியைக் காலால் உதைத்துப் பார்க்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எதிரில் நிற்கிறவன் ஏதாவது சொன்னால் நின்று கேட்கிறேன். அன்று கேட்டிருந்தால், இன்று அவனுடைய இரண்டு கால்களும் ஒரே நீளமாக இருந்திருக்கும்.